இரண்டாவது கேள்வியைக் கேட்பவர் யார்?

இரவு 9 மணி. தாராவியிலும், மாட்டுங்கா லேபர் காம்பிலும், சயான் கோலிவாடாவிலும் வேலை முடிந்து வீடு திரும்பியவர்கள் டெலிவிஷனைப் போடும் நேரம். திரையில் எட்டுக் கட்டங்கள். கட்டத்துக்கு ஒருவராக எட்டுப் பேர். எட்டுப் பேரும் ஒரே சமயத்தில் பேசுகிறார்கள். அவர்களை அடக்க வேண்டிய நிகழ்ச்சி நடத்துனர், அவர்களைவிட உரக்கக் கத்துகிறார். ஒரு மணி நேரம் கழித்து, "கடைசியில் என்னதான் முடிவு?" என்று பக்கத்து அறைக்காரர் கேட்டால், பார்த்துக் கொண்டிருந்தவருக்குச் சொல்லத் தெரிவதில்லை.

இந்த இரைச்சலுக்கு நடுவே மதிப்பு மிகுந்த ஒன்று மங்கிப் போய்க் கொண்டிருக்கிறது. அதுதான் பேட்டி. ஒரு பக்கம் நாட்டை ஆள்பவர். எதிரே கேள்வி கேட்பவர். இடையில் ஒரு மேஜை. அவ்வளவுதான்.

நம்மைப் போன்றவர்களுக்கு இது சிறிய விஷயம் அல்ல. ஓட்டுச் சாவடியில் நாம் பேசுவது 5 ஆண்டுக்கு ஒரு நாள். மற்ற நாட்களில் மந்திரியை நேரில் பார்த்து, "இதை ஏன் செய்தீர்கள்?" என்று கேட்க நமக்கு வழி இல்லை. நமக்குப் பதிலாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்பவர்தான் பேட்டி எடுப்பவர். அவர் எப்படிக் கேட்கிறார், எதைக் கேட்காமல் விடுகிறார் என்பது நம்முடைய விவகாரம்.

இந்தியாவில் கடந்த முப்பது ஆண்டுகளில் பல பாணிகள் தோன்றியிருக்கின்றன. அடித்துக் கேட்பவர், அணைத்துக் கேட்பவர், சிரிக்க வைத்துக் கேட்பவர், கேட்பதுபோல் நடிப்பவர் என்று எல்லோரையும் பார்த்துவிட்டோம். இவர்களில் யார் நமக்கு வேலை செய்தார்கள்? சில பேட்டிகளைத் திரும்பிப் பார்த்தால் விடை கிடைக்கும்.

மூன்றே நிமிடம்!

2007 அக்டோபர். குஜராத் சட்டசபைத் தேர்தலுக்கு இரண்டு மாதமே இருந்தது. முதல்-மந்திரி நரேந்திர மோடியைச் 'சி.என்.என்.-ஐ.பி.என்.' டெலிவிஷனுக்காகப் பேட்டி கண்டார் கரண் தாப்பர்.

தாப்பர் முதலில் மோடியின் நிர்வாகத்துக்குக் கிடைத்த பாராட்டுகளைக் குறிப்பிட்டார். அடுத்த மூச்சிலேயே 2002-ம் ஆண்டுக் கலவரத்துக்கு வந்தார். சுப்ரீம் கோர்ட்டு கூறிய கடுமையான கருத்துகளை எடுத்து வைத்தார். நடந்ததற்கு வருத்தம் தெரிவிக்கக் கூடாதா என்று கேட்டார். சொல்ல வேண்டியதை அப்போதே சொல்லிவிட்டதாக மோடி பதில் அளித்தார். தாப்பர் விடவில்லை. இப்போது சொன்னால் என்ன என்று மீண்டும் கேட்டார்.

மோடி தண்ணீர் கேட்டார். சட்டையில் மாட்டியிருந்த மைக்கைக் கழற்றினார். "நட்பு நீடிக்கட்டும்" என்று இந்தியில் கூறி பேட்டியை முடித்துவிட்டார். எல்லாம் ஏறத்தாழ மூன்று நிமிடத்தில் முடிந்தது.

அந்தக் காட்சி நாடு முழுவதும் பரவியது. தாப்பருக்குப் புகழ் வந்தது. ஆனால் நேயர்களுக்குக் கிடைத்தது என்ன? ஒரு தலைவர் எழுந்து போனார் என்ற செய்தி கிடைத்தது. கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. அந்தத் தேர்தலில் மோடி வென்றார். 2014-ல் பிரதமரானார். கலவர வழக்கில் அவர்மீது வழக்குத் தொடர ஆதாரம் இல்லை என்ற சிறப்புப் புலனாய்வுக் குழுவின் முடிவை 2022 ஜூன் மாதம் சுப்ரீம் கோர்ட்டு ஏற்றுக் கொண்டது. கோர்ட்டின் கேள்வி வேறு. பேட்டியின் கேள்வி வேறு. "வருத்தம் உண்டா, இல்லையா?" என்பது சட்டக் கேள்வி அல்ல, மனிதக் கேள்வி. அது அந்த மூன்று நிமிடத்தோடு நின்று போயிற்று.

அடித்துக் கேட்கும் பாணியின் பலமும் பலவீனமும் இந்த ஒரே பேட்டியில் தெரிகின்றன. ஆதாரத்தை வைத்துக் கொண்டு கேட்டால் தலைவர் நழுவ முடியாது. நழுவ முடியாதவர் எழுந்து போய்விடலாம்!

ஒரே தலைவர், இரண்டு பேட்டிகள்

தமிழர்களுக்கு நன்கு நினைவிருக்கும் இன்னொரு உதாரணம் ஜெயலலிதா.

1999-ல் நடிகை சிமி கரேவால் தம்முடைய நிகழ்ச்சியில் அவரைப் பேட்டி கண்டார். வெள்ளை அலங்காரம், பூங்கொத்து, மெல்லிய குரல். சிமி கரேவால் கட்சிக் கணக்கு எதையும் கேட்கவில்லை. அம்மாவைப் பற்றிக் கேட்டார். பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டார். தனிமையைப் பற்றிக் கேட்டார். கோடிக் கணக்கானவர்கள் மேடையில் மட்டுமே பார்த்திருந்த ஜெயலலிதா அன்று சிரித்தார்; இளம் வயதில் கிரிக்கெட் வீரர் நாரி காண்டிராக்டர் மீது இருந்த ஈர்ப்பைச் சொன்னார்; ஓர் இந்திப் பாட்டைக்கூடப் பாடினார். அரசியலில் ஒரு பெண்ணாகப் பட்ட அவமானங்களையும் மனம் விட்டுச் சொன்னார்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2004-ல், பி.பி.சி.யின் 'ஹார்டு டாக் இந்தியா' நிகழ்ச்சிக்காக அதே ஜெயலலிதாவின் எதிரே உட்கார்ந்தார் கரண் தாப்பர். அந்த ஆண்டு பாராளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் அ.தி.மு.க. கூட்டணி இழந்திருந்தது. தோல்விக்குப் பிறகு முதல்-மந்திரி தம் உத்தரவுகள் பலவற்றைத் திரும்பப் பெற்றிருந்தார். அதைப் பற்றிய கேள்விகள் வந்தன. ஜோதிடம், எண் கணிதம் பற்றிய கேள்விகள் வந்தன. குறிப்பைப் பார்த்துப் படிக்கிறீர்களா என்ற கேள்வியும் வந்தது. "உங்கள் கண்ணைப் பார்த்துத்தான் பேசுகிறேன்" என்று அவர் சீறினார்.

முடிவில் தாப்பர், பேசியதில் மகிழ்ச்சி என்று சொல்லிக் கை நீட்டினார். தமக்கு அதில் மகிழ்ச்சி இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, "நமஸ்தே" என்று எழுந்தார் ஜெயலலிதா.

இந்த இரண்டு பேட்டிகளில் எது சிறந்தது? இரண்டையும் பார்த்தவர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். உண்மையில் இரண்டும் இரண்டு வேலைகள். சிமி கரேவால் திறந்தது வீட்டுக் கதவை. அங்கே ஒரு மனுஷி இருந்தார். தாப்பர் தட்டியது ஆபீஸ் கதவை. அங்கே ஒரு முதல்-மந்திரி இருந்தார். அவர் கோபப்பட்டாலும், கடைசிவரை உட்கார்ந்து பதில் சொன்னார் என்பதை மறக்கக் கூடாது.

ஆபத்து எங்கே இருக்கிறது என்றால், ஆபீஸ் கதவைத் தட்ட வேண்டிய நேரத்தில் வீட்டுக் கதவைத் தட்டுவதில்தான்.

லண்டன் பாணி

இந்த அடித்துக் கேட்கும் பாணி நம் நாட்டில் பிறந்தது அல்ல. தாப்பர் இந்தியாவுக்குத் திரும்பும் முன் பல ஆண்டுகள் லண்டன் டெலிவிஷன் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவர். அங்கே அரசியல் பேட்டி ஒரு தனித் தொழில்.

அதன் உச்சம் என்று எல்லோரும் சொல்வது 1997 மே மாதம் நடந்த ஒரு பேட்டி. முன்னாள் உள்துறை மந்திரி மைக்கேல் ஹோவர்டு, பி.பி.சி.யின் ஜெரிமி பாக்ஸ்மன் எதிரே உட்கார்ந்தார். சிறைத்துறைத் தலைவரின் அதிகாரத்தை மீறப் போவதாக நீங்கள் அவரை மிரட்டினீர்களா என்பதுதான் கேள்வி. ஹோவர்டு சுற்றி வளைத்தார். பாக்ஸ்மன் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார். மீண்டும் சுற்றல், மீண்டும் அதே கேள்வி. இப்படி ஏறத்தாழ 12 தடவை!

பாக்ஸ்மன் கத்தவில்லை. மேஜையைத் தட்டவில்லை. வார்த்தையைக்கூட அதிகம் மாற்றவில்லை. பதில் வரவில்லை என்பதே பதிலாகி, அது நாட்டுக்கே தெரிந்துவிட்டது. உரத்த குரலுக்கும் உறுதியான கேள்விக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். நம் ஊர் டெலிவிஷன்கள் லண்டனிலிருந்து குரலை இறக்குமதி செய்தன. உறுதியை அங்கேயே விட்டுவிட்டன.

குற்றவாளிக் கூண்டு

இந்தி டெலிவிஷன் தனக்கென்று ஒரு வழியைக் கண்டது. 1993-ல் ரஜத் சர்மா தொடங்கிய 'ஆப் கீ அதாலத்' நிகழ்ச்சியை மும்பைத் தமிழர்களில் பார்க்காதவர்கள் குறைவு. கோர்ட்டுபோல ஓர் அரங்கம். தலைவர் கூண்டில் நிற்க வேண்டும். குற்றச்சாட்டுகள் படிக்கப்படும். ஜனங்கள் கை தட்டுவார்கள். முதலில் கூண்டில் ஏறியவர் லாலு பிரசாத் யாதவ்.

பெரிய மனிதரைக் கூண்டில் நிற்க வைப்பது என்பதே சாதாரண ஜனங்களுக்குத் திருப்தி அளித்தது. ஆனால் கூண்டில் ஏறுபவர் கெட்டிக்காரராக இருந்தால் போதும்; நாலு ஹாஸ்யம் சொல்லிக் கைத்தட்டலை வாங்கிக் கொண்டு இறங்கிவிடலாம். கடுமையாகத் தோன்றும் கேள்வி, தலைவருக்குக் கிடைத்த அல்வாவாக மாறுவதும் உண்டு. கோர்ட்டில் வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்வார். இந்தக் கோர்ட்டில் அது எப்போதாவதுதான் நடக்கும்.

தாழ்ந்த குரலில் வந்த பதில்

கத்துவதற்குப் பேர் போனவர் அர்னாப் கோஸ்வாமி. ஆனால் அவருடைய முக்கியமான பேட்டி கத்தாமல் எடுத்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

2014 ஜனவரி 27. 'டைம்ஸ் நவ்' டெலிவிஷனில் காங்கிரஸ் துணைத் தலைவர் ராகுல் காந்தியின் பேட்டி ஒளிபரப்பாயிற்று. ஏறத்தாழ 80 நிமிடம். மோடியை நேருக்கு நேர் சந்திக்கப் பயமா என்ற கேள்விக்கு ராகுல் காந்தி அமைப்பை மாற்ற வேண்டும் என்றார். வேறு கேள்விகளுக்கும் அமைப்பு, பெண்கள் முன்னேற்றம், தகவல் அறியும் உரிமை என்றே திரும்பத் திரும்பப் பதில் வந்தது. கோஸ்வாமி குறுக்கே அதிகம் பாயாமல், விட்ட இடத்திலிருந்து மறுபடி கேட்டார். 1984-ம் ஆண்டு சீக்கியர்கள்மீது நடந்த வன்முறையில் காங்கிரஸ்காரர்களுக்குப் பங்கு உண்டா என்று விடாமல் கேட்டபோது, சிலர் ஈடுபட்டிருக்கக்கூடும் என்று ராகுல் காந்தி ஒப்புக் கொண்டார்.

அது பெரிய செய்தி. அது கத்தலில் கிடைக்கவில்லை; தொடர்ந்து கேட்டதில் கிடைத்தது.

இதே கோஸ்வாமி 2016 ஜூன் மாதம் பிரதமர் மோடியைப் பேட்டி கண்டபோது, அந்தப் பிடி தளர்ந்திருந்தது என்று விமர்சகர்கள் சுட்டிக் காட்டினார்கள். ராகுல் காந்தியிடம் இருந்த விடாப்பிடி பிரதமரிடம் எங்கே போயிற்று என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். தராசு ஒன்றாக இருக்கலாம். வாடிக்கையாளரைப் பார்த்து எடைக்கல்லை மாற்றினால் அந்தக் கடையை யார் நம்புவார்கள்?

மாம்பழம் பிடிக்குமா?

2019 ஏப்ரல் 24. பாராளுமன்றத் தேர்தலின் மூன்றாம் கட்ட ஓட்டுப்பதிவு முடிந்த மறுநாள். பிரதமர் மோடியை நடிகர் அக்ஷய் குமார் பேட்டி கண்டார். இது அரசியல் கலக்காத பேட்டி என்று முன்பே சொல்லிவிட்டார்கள். மாம்பழம் சாப்பிடுவீர்களா, எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று நடிகர் கேட்டார். பிரதமர் சிறுவயது நினைவுகளைச் சுவையாகச் சொன்னார்.

ஒரு தலைவரின் பிள்ளைப் பருவத்தைத் தெரிந்து கொள்வதில் தவறு இல்லை. சிமி கரேவால் செய்ததும் அதுதான். ஆனால் நாடு ஓட்டுப் போட்டுக் கொண்டிருக்கும் வாரத்தில், பிரதமர் பதவிக்கு நிற்பவரிடம் அரசியல் கேட்க மாட்டோம் என்று ஒப்பந்தம் போட்டுக் கொண்டு உட்கார்வது, ரேஷன் கடைக்குப் போய்ப் பூ வாங்குவது போல.

யார் யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்?

இந்த மாற்றத்துக்குப் பேட்டி எடுப்பவர்கள் மட்டும் காரணம் அல்ல. முன்பு நிருபர்கள் தலைவரைத் தேடிப் போனார்கள். இப்போது தலைவர்கள் தங்களுக்கு ஏற்ற நிருபரைத் தேடுகிறார்கள். கடினமாகக் கேட்பவருக்கு அடுத்த தடவை நேரம் கிடைப்பதில்லை. தலைவர் வராவிட்டால் நிகழ்ச்சி இல்லை. நிகழ்ச்சி இல்லாவிட்டால் விளம்பரம் இல்லை. ஆகவே கேள்விகள் தானாகவே மிருதுவாகின்றன. யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை.

எந்தக் கட்சியும் இதில் சுத்தம் இல்லை. 2014 ஜனவரி 3-ந்தேதி அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் டெல்லியில் நிருபர்களைச் சந்தித்துக் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். ஆனால் அவருடைய ஆட்சிக் காலத்தில் அத்தகைய கூட்டங்கள் அபூர்வமே. 2019 மே 17-ந்தேதி பாரதீய ஜனதா கட்சி அலுவலகத்தில் நிருபர்கள் கூட்டத்துக்குப் பிரதமர் மோடி வந்தார். பேசினார். கேள்விகளைக் கட்சித் தலைவர் அமித் ஷாவிடம் விட்டுவிட்டார். எதிர்க்கட்சிகள் மட்டும் என்ன செய்தன? 2023 செப்டம்பரில் 'இந்தியா' கூட்டணி, 14 டெலிவிஷன் நடத்துனர்களின் பெயரை வெளியிட்டு, அவர்கள் நிகழ்ச்சிக்குப் போக மாட்டோம் என்று அறிவித்தது. அந்த நடத்துனர்கள் ஒருதலைப்பட்சமாக நடக்கிறார்கள் என்பது கூட்டணியின் வாதம். அது உண்மையே ஆனாலும், கேட்பவரைத் தலைவர்களே பொறுக்கி எடுக்கும் வழக்கம் அதனால் பலப்பட்டதே தவிரக் குறையவில்லை.

'ஜன்வாணி' தந்த பாடம்

ஒரு காலத்தில், அரசாங்கத்தின் டெலிவிஷன் ஒன்றே நாட்டில் இருந்தபோது, அதிலேயே ஒரு துணிச்சலான காரியம் நடந்தது. 1985-ல் தூர்தர்ஷனில் 'ஜன்வாணி' என்ற நிகழ்ச்சி வந்தது. நடத்தியவர் வினோத் துவா. மத்திய மந்திரிகளை உட்கார வைத்து, பொதுமக்களே நேரடியாகக் கேள்வி கேட்டார்கள்.

அரசாங்கத்தின் சொந்த டெலிவிஷனில், அரசாங்கத்தின் மந்திரியை, பதவியும் பட்டமும் இல்லாத ஜனங்கள் கேட்டார்கள்! இன்று நூற்றுக்கணக்கான டெலிவிஷன்கள் இருக்கின்றன. அந்த நாற்காலியில் ஜனங்களை உட்கார வைக்க எத்தனை பேர் தயார்?

பிற்காலத்தில் என்.டி.டி.வி. இந்தி டெலிவிஷனில் ரவீஷ் குமார் வேறு விதத்தில் அதைச் செய்தார். தலைவர்களைத் தேடிப் போவதைக் குறைத்துக் கொண்டு, வேலைக்கு மனுப் போட்டுக் காத்திருக்கும் இளைஞர்களின் குறைகளை இரவு தோறும் எடுத்துச் சொன்னார். பரீட்சை எழுதியும் ஆர்டர் வராதவர்கள் திரையில் வந்தார்கள். 2019-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. 2022 நவம்பரில் அந்த டெலிவிஷனிலிருந்து விலகினார்.

நம்முடைய கேள்வி

வெளிமாநிலத்தில் வேலை பார்க்கும் நமக்கு இதில் என்ன என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம் சொன்னால் போதும்.

2020 மார்ச் 24-ந்தேதி இரவு 8 மணிக்கு ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. நாலு மணி நேரத்தில் அமலுக்கு வந்தது. மும்பையிலிருந்தும் மற்ற நகரங்களிலிருந்தும் லட்சக்கணக்கான தொழிலாளர்கள் மூட்டை முடிச்சுகளுடன் நடந்தார்கள். அந்த நாட்களை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அதே ஆண்டு செப்டம்பர் 14-ந்தேதி, எத்தனை தொழிலாளர்கள் இறந்தார்கள் என்று பாராளுமன்றத்தில் கேட்கப்பட்டது. அப்படிப்பட்ட புள்ளி விவரம் இல்லை என்று தொழிலாளர் இலாகா எழுத்து மூலம் பதில் தந்தது. கணக்கு இல்லாததால் நஷ்ட ஈடு என்ற பேச்சுக்கும் இடம் இல்லாமல் போயிற்று. ஊர் திரும்பியவர்கள் 1 கோடிக்கு மேல் என்று மட்டும் கணக்கு இருந்தது.

இங்கேதான் இரண்டாவது கேள்வி வர வேண்டும்.

"திரும்பியவர்களை எண்ணத் தெரிந்த சர்க்காருக்கு, திரும்பாதவர்களை எண்ண ஏன் தெரியவில்லை?" இது ஒன்று.

"சிறப்பு ரெயில்களில் மட்டும் 97 பேர் இறந்தார்கள் என்று அதே வாரத்தில் ரெயில்வே இலாகா ராஜ்யசபையில் சொன்னதே, ஓர் இலாகாவுக்குத் தெரிந்தது இன்னோர் இலாகாவுக்குத் தெரியாதா?" இது இன்னொன்று.

"1979-ல் இயற்றிய வெளிமாநிலத் தொழிலாளர் சட்டப்படி, காண்டிராக்டர்கள் ஆட்களை எடுத்த 15 நாளுக்குள் விவரத்தை அதிகாரிகளிடம் கொடுக்க வேண்டும், தொழிலாளிக்குப் போட்டோ ஒட்டிய பாஸ் புத்தகம் தர வேண்டும் என்று இருந்ததே, 41 ஆண்டுகளாக அந்தப் பதிவேடுகள் எங்கே?" இது மூன்றாவது.

இந்த மூன்று கேள்விகளுக்கும் கத்த வேண்டியதில்லை. மேஜையைத் தட்ட வேண்டியதில்லை. இரண்டு இலாகாக்களின் பதிலையும் ஒரு பழைய சட்டத்தையும் படித்திருந்தால் போதும். தாழ்ந்த குரலில் கேட்டாலும் எந்த மந்திரியும் நாற்காலியில் நெளிவார். ஆனால் 9 மணி நிகழ்ச்சிகளில் இதைக் கேட்க நேரம் கிடைத்த இரவுகள் மிகச் சில. எட்டுக் கட்டத்துக்குள் வேறு சண்டை நடந்து கொண்டிருந்தது.

எப்படி எடை போடுவது?

மும்பைத் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. தமிழ் டெலிவிஷன் பார்க்கிறார். இந்தியும் மராத்தியும் காதில் விழுகின்றன. ஒரே தலைவர் மூன்று மொழிகளில் மூன்று பேட்டி எடுப்பவர்களிடம் என்ன பேசுகிறார் என்று ஒப்பிட்டுப் பார்க்க அவரால் முடியும். ஊரில் இருப்பவர்களுக்குக் கூட இந்த வாய்ப்பு எளிதில் கிடைக்காது.

அப்படிப் பார்க்கும்போது மூன்று விஷயங்களைக் கவனிக்கலாம்.

முதலாவது, தலைவர் பதிலை முடித்ததும் நடத்துனர் என்ன செய்கிறார்? அந்தப் பதிலிலிருந்தே அடுத்த கேள்வியை எடுக்கிறாரா, அல்லது கையில் உள்ள தாளைப் பார்த்து அடுத்த விஷயத்துக்குத் தாவுகிறாரா? தாவினால், அவர் பதிலைக் கேட்கவே இல்லை என்று அர்த்தம்.

இரண்டாவது, கேள்வியில் தேதியும் தொகையும் சட்டமும் இருக்கின்றனவா? வெறும் "மக்கள் கேட்கிறார்கள்", "நாடு அறிய விரும்புகிறது" என்பது கேள்வி அல்ல. ஆதாரம் இல்லாத கேள்விக்கு, ஆதாரம் இல்லாத பதிலே வரும்.

மூன்றாவது, ஆளும் கட்சிக்காரருக்கும் எதிர்க்கட்சிக்காரருக்கும் ஒரே எடைக்கல்தானா? ஒருவரிடம் வக்கீலாகவும் இன்னொருவரிடம் விருந்தாளியாகவும் இருப்பவரை நம்புவதற்கில்லை.

முதல் கேள்வியை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அதற்கு உரிய பதிலை மனப்பாடம் செய்து கொண்டுதான் தலைவர்கள் வருகிறார்கள். மனப்பாடம் செய்யாத பதில், இரண்டாவது கேள்விக்குத்தான் வரும். தாப்பர் அதைக் கேட்டபோது ஒருவர் எழுந்து போனார், இன்னொருவர் சீறினார். பாக்ஸ்மன் அதைப் பன்னிரண்டு தடவை கேட்டார். மாம்பழப் பேட்டியில் அதற்கு இடமே இல்லை.

மளிகைக் கடையில் கணக்கு இடித்தால் நாம் சும்மா வருகிறோமா? "இது எப்படி வந்தது, சேட்?" என்று இன்னொரு தடவை கேட்கிறோம். சம்பளச் சீட்டில் பிடித்தம் அதிகமானால் கிளார்க்கிடம் மறுபடி போய் நிற்கிறோம். பத்து ரூபாய்க்குச் செய்வதை நாட்டுக்காகச் செய்ய டெலிவிஷனில் ஆள் இருக்கிறாரா என்று இன்று இரவு 9 மணிக்குப் பாருங்கள். இருந்தால் பாருங்கள். இல்லையென்றால் பெட்டியை அணைத்துவிட்டு நேரத்தோடு தூங்குங்கள். காலையில் 6 மணிக்கு லோக்கல் பிடிக்க வேண்டும்.